பத்து மாத வேலை

"நாள் தள்ளிப் போயிருக்கிறது" என்று ஒரு பெண் தன் அம்மாவிடமோ கணவரிடமோ முதன்முதலில் சொல்லும்போது, கரு அவள் கருப்பையின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகியிருக்கும். இன்னும் ஒரு வாரம் போனால், பின்னால் இதயமாக மாறப்போகும் சிறு குழாய் ஒன்று துடிக்கத் தொடங்கிவிடும். அதற்கு அடுத்த வாரத்தில், அதாவது கருத்தரித்த 28-ஆம் நாள் வாக்கில், மூளையும் தண்டுவடமும் உருவாக வேண்டிய நரம்புக்குழாய் இரு முனையிலும் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடாவிட்டால் முதுகெலும்பு பிளந்தோ மண்டையோடு உருவாகாமலோ குழந்தை பிறக்கும். இத்தனையும் நடந்து முடியும் அந்த நாட்களில், நம் ஊரில் பல பெண்கள் மருந்துக்கடைக்குப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை அட்டைகூட வாங்கியிருக்க மாட்டார்கள்.

கர்ப்பத்தைப் பற்றிப் பேசும்போது இந்த மாதம் கண், அடுத்த மாதம் விரல் நகம் என்று குழந்தையின் கணக்கையே சொல்லிப் பழகிவிட்டோம். தாயின் உடம்பில் நடப்பவை கடைசியில் 'தொந்தரவுகள்' என்ற தலைப்பின் கீழ் வந்து சேரும். வாந்தி, தலைசுற்றல், மூச்சு வாங்குதல், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் என்று ஒரு பட்டியல். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் குழந்தையின் வளர்ச்சி ஒன்று இருக்கிறது. அவள் உடம்பு செய்துகொண்டிருக்கும் வேலையின் அடையாளங்கள் அவை. 2024-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் போட்ட கணக்கின்படி, ஒரு கர்ப்பத்துக்கு மனித உடம்பு செலவழிக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 50,000 கலோரி. அதில் குழந்தையின் உடம்பாகவே மாறுவது மிகச் சிறிய பங்குதான். மீதியெல்லாம் குழந்தையைச் சுமந்து காக்கத் தாயின் உடம்பு உழைக்கும் உழைப்புக்குப் போகிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று யாராவது சொன்னால் நினைவில் வர வேண்டிய கணக்கு இது.

சென்னைக்கும் குன்னூருக்கும் வந்த மருத்துவர்

நரம்புக்குழாய் ஒழுங்காக மூடுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அந்தச் சின்ன மாத்திரையின் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தசோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன சாப்பிடவில்லை என்று வில்ஸ் தேடிப் போனார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், இன்று திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கும் அன்றைய கோஷா மருத்துவமனையிலும் அவருடைய ஆராய்ச்சி தொடர்ந்தது. ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்ற மலிவான பொருளைக் கொடுத்தால் அந்தச் சோகை தீர்கிறது என்று 1931-இல் எழுதினார். அதற்குள் இருந்த சத்து எது என்பது பத்தாண்டுகள் கழித்து, 1941-இல் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தபோதுதான் தெரிந்தது.

அதே சத்து குழந்தையின் தண்டுவடத்தையும் காக்கிறது என்பதை 1991-இல் வெளியான பெரிய ஆய்வு உறுதி செய்தது. முன்பு நரம்புக்குழாய்க் குறையோடு குழந்தை பெற்ற பெண்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டபோது அக்குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. இதில் 'முன்பிருந்தே' என்ற சொல்லில்தான் நாம் கோட்டை விடுகிறோம். நாள் தள்ளி, பரிசோதித்து, நல்ல நாள் பார்த்து மருத்துவரிடம் போய் மாத்திரை வாங்கும்போது குழாய் மூடியாகிவிட்டது. கல்யாணமான கையோடு "விசேஷம் உண்டா?" என்று கேட்கும் உறவினர்கள், அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கை இந்த மாத்திரைக்குக் காட்டினால் போதும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண் குறைந்தது ஒரு மாதம் முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கத் தொடங்க வேண்டும். முன்பு இக்குறையோடு குழந்தை பிறந்திருந்தால் அளவு மிக அதிகம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வயிறு தெரியாத மூன்று மாதம்

பன்னிரண்டாம் வாரம் முடியும்போது குழந்தை தலையிலிருந்து பிட்டம் வரை ஐந்தாறு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனால் முக்கிய உறுப்புகள் எல்லாமே அந்த அளவுக்குள் உருவாகிவிட்டன. கையும் காலும் அசைகின்றன. மிகப் பெரிய கட்டுமானம் நடப்பது இந்த மூன்று மாதத்தில்தான். அம்மா மிக மோசமாக அவதிப்படுவதும் இதே மூன்று மாதத்தில்தான். ஆனால் வயிறு வெளியே தெரியாது. டவுன் பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் தர மாட்டார்கள். அலுவலகத்தில் சொல்லவும் தயக்கம். மூன்று மாதம் தாண்டட்டும் என்று வீட்டிலேயே வாயைக் கட்டிவிடுவார்கள். உதவி அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அவள் கர்ப்பிணி என்பதே யாருக்கும் தெரியாமல் இருக்கிறது.

மசக்கை ஏன் வருகிறது என்பதற்கு 2023-இல் தெளிவான விடை கிடைத்தது. நஞ்சுக்கொடியும் குழந்தையும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது தாயின் மூளைத்தண்டைத் தொட்டுக் குமட்டலை உண்டாக்குகிறது. கர்ப்பத்துக்கு முன் அந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்த பெண்களுக்கு, திடீரென்று அது ஏறும்போது வாந்தி கடுமையாகிறது. இந்த ஆய்வில் முன்னின்ற மார்லீனா ஃபெய்சோ, தானே கடும் கர்ப்ப வாந்தியால் கருவை இழந்தவர். "எல்லாருக்கும் வர்றதுதானே, மனசைத் திடமா வெச்சுக்கோ" என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களைக் குற்ற உணர்ச்சியில் தள்ளியிருக்கிறோம்! காலையில் எழுந்ததும் இரண்டு வாய் காய்ந்த ரொட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுவது, எண்ணெய் வாசனையிலிருந்து தள்ளி இருப்பது எல்லாம் சாதாரண மசக்கைக்கு உதவும். தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து அடர்நிறமாகி, எடையும் இறங்கினால் அது வேறு. அவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றவும் மருந்து கொடுக்கவும் மருத்துவமனை வேண்டும்.

இந்த மாதங்களில் கரு கலைவதும் உண்டு. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இப்படிக் கலைகின்றன. பாதிக்கு மேற்பட்டவற்றில் கருவின் குரோமோசோம் எண்ணிக்கையிலேயே பிழை இருக்கும். அவள் குடம் தூக்கியதோ, மாடிப்படி ஏறியதோ, ஒரு துண்டு பப்பாளி தின்றதோ காரணம் இல்லை. இதை அவளிடம் மட்டுமல்ல, மாமியாரிடமும் மருத்துவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரத்தத்தின் கணக்கு

குழந்தை தன் செல்களைக் கொண்டே கட்டிக்கொள்ளும் உறுப்பு நஞ்சுக்கொடி. அதன் செல்கள் கருப்பைக்குள் ஊடுருவி, தாயின் சுருண்ட தமனிகளின் சுவர்களை மாற்றி அகலப்படுத்துகின்றன. இரண்டு இரத்தமும் கலப்பதில்லை. மெல்லிய திசுவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பிராணவாயுவையும் சத்தையும் கழிவையும் மாற்றிக்கொள்கின்றன. பிரசவ நாள் நெருங்கும்போது நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் தாயின் இரத்தம் கருப்பைக்கு ஓடுகிறது.

அதற்கு இரத்தம் எங்கிருந்து வரும்? அவள் உடம்பே தயாரிக்கிறது. மொத்த இரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. இதயம் ஒவ்வொரு நிமிடமும் வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகமாக இறைக்கிறது. இரத்தக் குழாய்கள் தளர்வதால் நடுமாதங்களில் இரத்த அழுத்தம் சற்று இறங்கும். சட்டென்று எழுந்தால் கண் இருட்டுவது இதனால்தான். படி ஏறாமலேயே மூச்சு வாங்குவதற்கும் காரணம் இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அவளை ஆழமாக மூச்சுவிட வைத்து, அவள் இரத்தத்தில் கரியமிலவாயுவைக் குறைக்கிறது. அப்போதுதான் குழந்தையின் கரியமிலவாயு எளிதாக அவள் பக்கம் வந்து வெளியேற முடியும். குழந்தையின் மூச்சையும் அவளே விடுகிறாள்.

கூடும் இரத்தத்தில் நீர்ப்பகுதி முந்திக்கொள்ளும், சிவப்பணு பின்தங்கும். எனவே ஹீமோகுளோபின் ஓரளவு இறங்குவது இயல்பு. 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. மகப்பேறு மருத்துவத்தில் முன்னணி என்று நாம் பெருமைப்படும் தமிழ்நாட்டிலும் நிலைமை கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஒரு முழுக் கர்ப்பத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. தோட்டத்துக் கீரையை மட்டும் நம்பி அதைச் சேர்த்துவிட முடியாது. பிறந்த பிறகு முதல் ஆறு மாதத்துக்கு வேண்டிய இரும்பைக் குழந்தை கடைசி மூன்று மாதத்தில்தான் சேமிக்கிறது. தாய்க்கோ இது உயிர்ப் பிரச்சினை. பிரசவத்தின்போது இரத்தப்போக்கு ஏற்பட்டால், நல்ல இரத்தம் உள்ளவள் தாங்கும் அளவைச் சோகை பிடித்தவள் தாங்க மாட்டாள்.

நான்காம் மாதத்திலிருந்து அரசு தரும் இரும்பு மாத்திரைகள் பல வீடுகளில் பீரோவின் மேல் தட்டில் கிடப்பதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமில்லை. மலம் கறுக்கிறது, வயிறு கட்டுகிறது, குமட்டுகிறது. குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ கிளப்பிவிட்ட பயம் வேறு. மலம் கறுப்பது இரும்பால். குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுவால். அதை இரும்பு கறுப்பாக்காது, குங்குமப்பூ சிவப்பாக்காது. மாத்திரையைக் காப்பி, டீ, பால் ஆகியவற்றோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காமல், எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கினால் உடம்பில் நன்றாகச் சேரும். சாம்பல், மண், பச்சரிசி, ஐஸ்கட்டி என்று தின்னத் தோன்றினால் அதை மசக்கை ஆசை என்று சிரித்துவிட்டுப் போகாமல் இரத்தம் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவோடு அடிக்கடி சேர்ந்து வரும் அறிகுறி அது.

நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்னொரு காரியமும் செய்கின்றன. தாயின் உடம்பில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுத்து, சர்க்கரை அவள் இரத்தத்தில் கொஞ்ச நேரம் அதிகமாகத் தங்கும்படி பார்த்துக்கொள்கின்றன. தங்கும் சர்க்கரை குழந்தைக்குப் போகும். தாயின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து ஈடுகட்டும். முடியாதபோது கர்ப்பகாலச் சர்க்கரை நோய். இதை எல்லாக் கர்ப்பிணிகளிடமும் தேட வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா. வெறும் வயிற்றோடு வா, காத்திரு, மறுபடி வா என்று சொன்னால் கூலிக்காரப் பெண் திரும்பி வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை. 140-ஐத் தொட்டால் சிகிச்சை. இந்த எளிய முறையை இந்திய அரசும் ஏற்றது. அவர் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நாட்டில் கடைப்பிடிக்கப்படுகிறது. "ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று இரண்டு மடங்கு சோறு போடும் பாசத்தை இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். அவளுக்கு வேண்டியது கூடுதல் பருப்பு, முட்டை, மீன், பால், காய்.

முதல் அசைவு

எட்டாம் வாரம் வாக்கிலேயே குழந்தை அசையத் தொடங்கிவிடுகிறது. ஆனால் தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவளுக்கு அது தெரிய 18 முதல் 20 வாரம் ஆகும். இரண்டாம் முறை சற்று முன்பே தெரியும். வாயுவா, குழந்தையா என்று முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். ஐந்தாம் மாத ஸ்கேன் எடுப்பதும் இந்தச் சமயத்தில்தான். உறுப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கே அந்த ஸ்கேன். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பெண் குழந்தையாக இருந்தால், அந்த இருபது வார உடம்பின் சினைப்பைகளில் அறுபது, எழுபது லட்சம் முட்டைச் செல்கள் இருக்கின்றன. அவள் வாழ்நாளிலேயே அதிகமான எண்ணிக்கை அதுதான்; பிறக்கும்போதே பத்து இருபது லட்சமாகக் குறைந்துவிடும். நாம் ஒவ்வொருவரும் வளர்ந்து வந்த முட்டைச் செல், நம் அம்மா பாட்டியின் வயிற்றில் இருந்தபோது உருவானது. அப்படிப் பார்த்தால் ஒரு கர்ப்பிணிக்குக் கொடுக்கும் கவனிப்பு மூன்று தலைமுறைக்குப் போய்ச் சேர்கிறது.

ஆறாம் மாதத்தின் பிற்பகுதியில் குழந்தை ஒலிக்கு அசைந்து கொடுக்கிறது. வெளிச் சத்தங்கள் மங்கலாகவே போகும். அம்மாவின் குரல் மட்டும் காற்று வழியாகவும் அவள் உடம்பின் வழியாகவும் போவதால் நன்றாக எட்டும். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், வேறு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்பதற்காகச் சூப்பானைச் சப்பும் வேகத்தை மாற்றிக்கொள்வதை 1980-இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் இருவரும் காட்டினார்கள். வளையோசை குழந்தைக்கு எட்டுமா என்பது இருக்கட்டும், வளைகாப்பில் அடுக்கும் கண்ணாடி வளையல்களை நான் விரும்புகிறேன். அந்தப் பெண்ணைச் சுற்றி ஊரே கூடி, அவளைப் பார்க்கும் நாள் அது. அரசே நடத்தும் சமுதாய வளைகாப்பில், தாய்வீட்டுச் சீர் இல்லாத பெண்ணுக்கும் அந்த நாள் கிடைக்கிறது. அங்கேயே எடையும் இரத்த அழுத்தமும் பார்த்துவிட்டால் இன்னும் நிறைவு.

நல்ல நாளும் நுரையீரலும்

கடைசி மூன்று மாதத்தில் குழந்தை ஒரு கிலோவிலிருந்து மூன்று கிலோவை நோக்கிப் போகிறது. தோலுக்கடியில் கொழுப்பு படிகிறது. எலும்புக்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பகுதி இப்போதுதான் சேர்கிறது. அதற்காகத் தாயின் குடல் உணவிலிருந்து கால்சியத்தை இரு மடங்கு உறிஞ்சப் பழகிக்கொள்கிறது. கருப்பை மேலேறி இரைப்பையை அழுத்துவதால் நெஞ்செரிச்சல்; பிறகு தலை இறங்கிச் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் இரவில் நான்கைந்து முறை எழ வேண்டும். மல்லாந்து படுத்தால் பெரிய இரத்தக்குழாய் அழுந்தும். ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

உள்ளே எல்லாவற்றிலும் கடைசியாகத் தயாராவது நுரையீரல். காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிய உதவும் பசைநீக்கிப் பொருள் 34, 35 வாரங்களில்தான் போதுமான அளவுக்கு வருகிறது. நியூசிலாந்தில் கிரஹாம் லிகின்ஸ் ஆடுகளில் கண்ட ஓர் எதிர்பாராத முடிவிலிருந்து தொடங்கி, அவரும் ராஸ் ஹோவியும் 1972-இல் வெளியிட்ட ஆய்வுதான், குறைமாதப் பிரசவம் வரும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக் குழந்தையின் நுரையீரலை முந்தித் தயாராக்கும் வழியைக் காட்டியது. ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான்.

அதனால்தான் நாள், நட்சத்திரம் குறித்துக்கொடுத்துச் சிசேரியன் செய்யச் சொல்வது எனக்குக் கோபத்தைத் தருகிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். அவற்றில் பல உயிர் காக்கும் அறுவைதான். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மருத்துவக் காரணம் ஏதும் இல்லாமல், 39 வாரம் முடிவதற்குள், நல்ல லக்னம் போய்விடும் என்று எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். ஜாதகம் நன்றாக அமைந்த குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறது.

இந்த மாதங்களில் இயல்பு எது, ஆபத்து எது என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மாலையில் கணுக்கால் வீங்குவது பெரும்பாலும் இயல்பு. முகமும் கையும் திடீரென வீங்கி, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் அது இரத்த அழுத்தம் எகிறிய அறிகுறி. வலிப்பு வரை கொண்டுபோகும். தொடக்கத்தில் நஞ்சுக்கொடி தமனிகளைச் சரியாக அகலப்படுத்தாமல் விட்ட குறை, 20 வாரத்துக்குப் பின் இப்படி வெளிப்படுகிறது. இரத்தக் கசிவு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். 2018–20-இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. வீடுவீடாக வரும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும், இரவிலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் இந்தக் குறைவில் பெரும் பங்கு உண்டு. மிச்சமிருக்கும் இறப்புகளிலும் பல தவிர்க்கக்கூடியவையே.

பிறந்த பிறகும் முடியாதது

கர்ப்பம் தாயின் மூளையையும் மாற்றுகிறது. ஸ்பெயினில் எல்செலைன் ஹூக்செமாவும் சக ஆய்வாளர்களும் கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் பெண்களின் மூளையைப் படமெடுத்து, பிறர் மனத்தைப் புரிந்துகொள்ள உதவும் பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் குறைந்திருப்பதை 2016-இன் இறுதியில் தெரிவித்தார்கள். குறைந்தது இரண்டு ஆண்டுகள் அந்த மாற்றம் நீடித்தது. மாற்றம் அதிகமாக இருந்த தாய்மார்கள் குழந்தையோடு அதிக நெருக்கம் காட்டினார்கள். எனவே அதை நஷ்டம் என்று கொள்ளாமல், புதிய வேலைக்கு மூளை தன்னைத் திருத்திக்கொள்வதாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2024-இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஒரே பெண்ணைக் கருத்தரிக்கும் முன்பிருந்து பிரசவத்துக்கு இரண்டு ஆண்டு பின்வரை 26 முறை ஸ்கேன் செய்து இம்மாற்றங்கள் வாரம் வாரமாக நடப்பதைக் காட்டியது.

குழந்தையின் செல்கள் சில நஞ்சுக்கொடியைத் தாண்டித் தாயின் இரத்தத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆண் குழந்தை பெற்ற ஒரு பெண்ணின் இரத்தத்தில், 27 ஆண்டுகள் கழித்தும் அத்தகைய செல்களை டயானா பியாங்கி 1996-இல் கண்டுபிடித்தார். பிள்ளைக்குக் கல்யாண வயது வந்த பிறகும் அவன் செல் அம்மாவின் உடம்பில் இருந்திருக்கிறது.

ஒரு கிலோவுக்கு மேல் வளர்ந்திருந்த கருப்பை ஆறு வாரத்தில் பழைய எழுபது, எண்பது கிராமுக்குத் திரும்புகிறது. மற்றதெல்லாம் அவ்வளவு வேகமாகத் திரும்புவதில்லை. மூன்றாம் மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிரும். அது தானாக நிற்கும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, குழந்தையின்மேல் பிடிப்பின்மை நீடித்தால் அது பேறுகால மனச்சோர்வு. பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். இரும்பு மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் சாப்பிடச் சொல்கிறது அரசுத் திட்டம். பெரும்பாலான வீடுகளில் குழந்தை பிறந்த அன்றே அதை மறந்துவிடுகிறார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவளுக்கு ஆறாம் வாரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். பின்னாளில் அவளுக்கு நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. இரத்த அழுத்தம் ஏறியிருந்தால் அதையும் அப்போது பார்க்க வேண்டும்.

குழந்தையின் தடுப்பூசிக்கும் அதே ஆறாம் வாரம்தான் நாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எப்படியும் சுகாதார நிலையத்துக்குப் போவார்கள். பையில் குழந்தையின் அட்டையோடு அம்மாவின் அட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டு, இவளுக்கும் இரத்தமும் சர்க்கரையும் அழுத்தமும் பாருங்கள் என்று உடன் போகிறவர் கேட்க வேண்டும்.